ஃபைல் திறக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து வழியைப் பிடியுங்கள்

நவம்பர் வந்தால் டெல்டாவில் ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், பிரவுசிங் சென்டர் எல்லாவற்றுக்கும் இரண்டு நெருக்கடி சேர்ந்து வரும். ஒருபுறம் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். மறுபுறம் மழையும் கரண்ட் கட்டும். அடங்கல், சிட்டா, பாஸ்புக் முதல் பக்கம் என்று பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து குவிகிற ஃபைல்களில் ஒன்று திறக்காமல் அடம்பிடிக்கும். வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று கை பரபரக்கும். நெட்டில் தேடிக் கிடைத்த ‘ரிப்பேர்’ சாஃப்ட்வேரை இறக்கி ஓட்டுவோம், பென் டிரைவை ஃபார்மேட் செய்வோம், அதே பெயரில் சேவ் கொடுப்போம். அதுவரை உயிரோடு இருந்த ஃபைல் பெரும்பாலும் அந்தப் பரபரப்பில்தான் சாகிறது. திறக்காத ஃபைல் எல்லாம் கெட்டுப்போன ஃபைல் அல்ல. கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களுக்கானவை.

கை வைப்பதற்கு முன்

முதலில் அந்த ஃபைலை டெஸ்க்டாப்பில் ஒரு நகல் எடுங்கள். எந்த வைத்தியமும் நகலுக்குத்தான், மூலத்துக்கு அல்ல.

அடுத்து ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். 0 பைட்ஸ் என்றால் உள்ளே ஒன்றுமில்லை, எந்தச் சாஃப்ட்வேரும் அதைத் திறக்காது. அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பக் கேட்பதுதான் வழி. ஸ்கேன் செய்த பட்டா என்று சொல்லிக்கொண்டு 2 கேபியில் ஒரு பிடிஎஃப் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு பக்க ஸ்கேன் அவ்வளவு சிறியதாக இருக்காது.

மூன்றாவது, பெயரின் வால், அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள். விண்டோஸ் இதை மறைத்து வைத்திருக்கும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேலே ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’. விண்டோஸ் 10-இல் ‘வியூ’ பட்டையிலேயே அந்தக் கட்டம் இருக்கும், டிக் போடுங்கள். கடைக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் இது எப்போதும் டிக் ஆகியே இருக்க வேண்டும். ‘பட்டா’ என்று பெயர், பிடிஎஃப் படம், ஆனால் வாலில் ‘டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ’ என்று இருக்கும் வைரஸைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

நான்காவதுதான் முக்கியம். நகலை ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் வித்’ வழியே நோட்பேடில் திறங்கள். ‘ஆல்வேஸ்’ என்பதை மட்டும் தொட வேண்டாம். புரியாத எழுத்துகள் கொட்டும், பயப்படாதீர்கள். பார்க்க வேண்டியது முதல் நாலைந்து எழுத்துகளை மட்டும்தான். ஒரு சதவீதக் குறியும் அதையொட்டி பிடிஎஃப் என்றும் இருந்தால் உண்மையான பிடிஎஃப். பி, கே என்ற இரண்டு பெரிய எழுத்துகள் இருந்தால் ஜிப் வகை. 2007 பதிப்பு முதல் வந்த வேர்டு, எக்செல் ஃபைல்களும் உள்ளே ஜிப் மூட்டைதான் என்பதால் அவையும் இப்படித்தான் தொடங்கும். (பிகே என்பது ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள்.) குறுக்குக் கோடு போட்ட டி, தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஐ என்று வந்தால் பழைய வேர்டு அல்லது எக்செல். முதல் வரியில் ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்ற சொல் தென்பட்டால் ஜேபெக் படம். ‘சிறியது’ குறியும் எச்டிஎம்எல் என்ற சொல்லும் இருந்தால் அது வெறும் இணையப் பக்கம். எதுவுமே இல்லாமல் வெற்றிடமாக நீண்டுகொண்டே போனால், அதைப் பற்றிக் கீழே ‘கரண்ட் போன பிறகு’ பகுதியில் பாருங்கள். பார்த்து முடித்ததும் சேவ் செய்யாமல் மூடுங்கள். நோட்பேடில் ஒரு கண்ட்ரோல்+எஸ் போதும், அந்த நகல் முடிந்தது.

“எதில் திறப்பது?” என்று கேட்கிறது

இரண்டே காரணம். வால் காணாமல் போயிருக்கும், அல்லது அந்த வாலுக்கு உரிய சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரில் இருக்காது.

போனிலிருந்து கைமாறிக் கைமாறி வரும் ஃபைல்களில் வால் அறுந்து போவது சகஜம். ஃபார்வேர்டு செய்தவர் பெயரை மாற்றியிருப்பார், அல்லது வாலில் ‘பின்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும். நோட்பேடில் முதலெழுத்தைப் பார்த்துவிட்டோம் அல்லவா? அதற்கேற்ற வாலை எஃப்2 அழுத்தி ஒட்டினால் வேலை முடிந்தது. பிகே என்று தொடங்குவது வேர்டா எக்செல்லா என்று தெரியாவிட்டால் வாலில் ‘ஜிப்’ போட்டு உள்ளே பாருங்கள். ‘வேர்டு’ என்ற ஃபோல்டர் இருந்தால் வேர்டு, ‘எக்ஸ்எல்’ என்று இருந்தால் எக்செல். வால் ‘சிஆர்டவுன்லோடு’ என்று முடிந்தால் குரோம் பாதியில் விட்ட டவுன்லோடு. பெயரை மாற்றுவதில் பயனில்லை, மறுபடி இறக்குங்கள்.

ஐபோனில் எடுத்த படம் ‘எச்இஐசி’ என்று வரும். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் இப்படித்தான் சேமிக்கிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டு வந்தவரிடம் இதைச் சரிசெய்யச் சுருக்கமான வழி அவர் போனிலேயே இருக்கிறது: செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ், ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’. இனி எடுப்பது எல்லாம் ஜேபெக். ஏற்கெனவே எடுத்ததற்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ இலவசமாகக் கிடைக்கும். அதோடு கேட்கும் எச்இவிசி எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் ஒரு சிறு தொகை கட்ட வேண்டியிருக்கும்.

பாஸ்வேர்டு கேட்கிறது

இது கோளாறே இல்லை. ஆனாலும் “ஃபைல் கெட்டுப்போச்சு” என்று வருபவர்களில் பலர் இந்த வகைதான்.

இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு எட்டு எழுத்து. ஆதாரில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்துகள் கேப்பிடலில், பிறகு பிறந்த ஆண்டு. இதில் நம் ஊரில் தடுக்கும் இடம் இனிஷியல். பெயர் இனிஷியலில் தொடங்கி, அதன்பின் புள்ளியும் அச்சாகியிருந்தால் அந்தப் புள்ளியும் கணக்கில் ஓர் எழுத்து. எஸ் புள்ளி முருகன், பிறப்பு 1975 என்றால், எஸ், புள்ளி, எம், யு, 1975. இனிஷியல் கடைசியில் இருந்தால் நேரே பெயரின் நான்கு எழுத்து. பெயரே மூன்றெழுத்துதான் என்றால் மூன்றெழுத்தும் ஆண்டும், மொத்தம் ஏழு. அச்சான கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடி அடியுங்கள்.

இ-பான், 26ஏஎஸ் (பிடித்த வரியைக் காட்டும் அறிக்கை) இரண்டுக்கும் பிறந்த தேதி எட்டு இலக்கமாக: நாள், மாதம், ஆண்டு, நடுவில் கோடு இல்லாமல். வருமான வரித் தளத்தின் ஏஐஎஸ் அறிக்கைக்கு பான் எண் சின்ன எழுத்தில், அதையொட்டிப் பிறந்த தேதி. வங்கி அறிக்கைக்கு ஒவ்வொரு வங்கியும் ஒரு முறை வைத்திருக்கிறது. அது அந்த மெயிலிலேயே எழுதியிருக்கும், பலரும் படிக்காமல் இணைப்பை மட்டும் இறக்கிவிடுகிறார்கள்.

பிடிஎஃப் “டேமேஜ்டு” என்கிறது, வெள்ளையாக வருகிறது

நோட்பேடில் பார்த்தால் எச்டிஎம்எல் என்று தொடங்குகிறதா? அப்படியானால் நீங்கள் இறக்கியது சான்றிதழ் அல்ல, “உங்கள் செஷன் முடிந்துவிட்டது” என்ற பக்கம். கூட்டம் அதிகமான நேரத்தில் தளம் பிழைப்பக்கத்தை அனுப்ப, பிரவுசர் அதற்கே பிடிஎஃப் என்று பெயர் வைத்துச் சேமித்திருக்கும். மறுபடி லாகின் செய்து இறக்குவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

தொடக்கம் சரியாக இருந்தால் கண்ட்ரோல்+எண்ட் அழுத்தி நோட்பேடின் கடைசி வரிக்குப் போங்கள். இரண்டு சதவீதக் குறியும் ஈஓஎஃப் என்ற மூன்றெழுத்தும் அங்கே இருக்க வேண்டும். எந்தப் பக்கம் எங்கே கிடக்கிறது என்ற அட்டவணையை பிடிஎஃப் தன் கடைசியில்தான் வைத்திருக்கிறது. வால் வந்து சேராவிட்டால் அட்டவணையும் இல்லை, ஆக டவுன்லோடு நடுவில் அறுந்திருக்கிறது. திரும்ப இறக்க முடியாத ஃபைலாக இருந்தால் சுமத்ரா பிடிஎஃப் என்ற ரீடரிலோ எட்ஜ் பிரவுசரிலோ திறந்து பாருங்கள். அடோபி மறுத்ததை இவை சில நேரம் அட்டவணையைத் தாமே கட்டிக்கொண்டு காட்டிவிடும். கண்ணில் பட்டதும் பிரிண்ட் கொடுத்து ‘சேவ் அஸ் பிடிஎஃப்’ செய்துகொள்ளுங்கள்.

“ப்ளீஸ் வெயிட்” என்ற வாசகம் மட்டும் வந்து அப்படியே நின்றால் அது எக்ஸ்எஃப்ஏ என்ற படிவ வகை. குரோமில் எத்தனை நாள் காத்திருந்தாலும் வராது. அடோபி ரீடரில் திறங்கள்.

ஃபைல் நன்றாகத் திறக்கிறது, கையெழுத்து இடத்தில் மட்டும் மஞ்சள் கேள்விக்குறி என்றால் அது திறக்காத சிக்கல் அல்ல. ஆனாலும் அதைக் காட்டி அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்படுவது உண்டு. அடோபி ரீடரில் அந்தக் கையெழுத்தை ரைட் கிளிக் செய்து, ‘ஷோ சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ்’, ‘ஷோ சைனர்ஸ் சர்ட்டிஃபிகேட்’, ‘டிரஸ்ட்’ பக்கம், ‘ஆட் டு டிரஸ்டட் சர்ட்டிஃபிகேட்ஸ்’ என்று போய், பிறகு ‘வேலிடேட்’ கொடுங்கள். நெட் இணைப்பில் இருக்கும்போது செய்யுங்கள். பச்சை டிக் வந்தபின் பிரிண்ட். ஃபைல் நீங்களே அரசுத் தளத்தில் இறக்கியதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். யாரோ அனுப்பிய சான்றிதழை நம்பச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடுவது நல்லதல்ல.

வேர்டு, எக்செல் “கரப்ட்” என்கிறது

பாதி நேரம் இது பாதுகாப்புக் கெடுபிடிதான். மெயிலிலிருந்து இறக்கிய ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்தி வைக்கும். ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கீழே ‘அன்பிளாக்’ கட்டத்தில் டிக், ஓகே. அனுப்பியவரைத் தெரிந்திருந்தால் மட்டும்.

அது பலிக்காவிட்டால் வேர்டைத் தனியாகத் திறந்து, ஃபைல், ஓப்பன், பிரவுஸ் வழியே ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ‘ஓப்பன்’ பொத்தானின் பக்கத்தில் சின்ன அம்பு இருக்கும். அதில் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’. எக்செல்லிலும் இதே இடம். அங்கே முதலில் ‘ரிப்பேர்’, பலிக்காவிட்டால் ‘எக்ஸ்ட்ராக்ட் டேட்டா’. அதற்கும் மசியாத ஃபைலை லிப்ரே ஆஃபீஸில் திறந்து பாருங்கள். இலவசம், மைக்ரோசாஃப்ட் கைவிட்டதைப் பல நேரம் எடுத்துக் கொடுத்துவிடும்.

கடைசி வழி மூட்டையைப் பிரிப்பது. நகலின் வாலை ஜிப் என்று மாற்றி 7-ஜிப் என்ற சாஃப்ட்வேரில் திறங்கள். உள்ளே ‘வேர்டு’ ஃபோல்டர், அதற்குள் ‘மீடியா’. ஒட்டிய படங்கள் எல்லாம் அசல் தரத்தில் அங்கே வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே ‘டாக்குமென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுத்து முழுவதும் இருக்கும். வடிவமைப்பு போய்விடும், ஆனால் 40 பக்கம் மறுபடி டைப் அடிக்க வேண்டாம். 7-ஜிப்பே திறக்க மறுத்தால் மூட்டையின் கடைசிப் பகுதி வரவில்லை என்று பொருள். ஜிப்பும் தன் பட்டியலைக் கடைசியில்தான் வைக்கிறது.

எக்செல்லுக்கு மட்டும் உள்ள இரண்டு வம்புகள். “ஃபைல் வகையும் வாலும் பொருந்தவில்லை” என்று எச்சரித்தால், தளங்கள் எச்டிஎம்எல் அட்டவணையை எக்ஸ்எல்எஸ் என்று பெயரிட்டுக் கொடுத்திருக்கும். நம்பகமான இடமென்றால் ‘எஸ்’ கொடுத்துத் திறந்து, உடனே புதிய எக்செல் வகையாக சேவ் அஸ் செய்யுங்கள். எக்செல் திறந்து சாம்பல் நிறமாக மட்டும் நின்றால் ‘வியூ’வில் ‘அன்ஹைட்’ பாருங்கள். அங்கும் இல்லையென்றால் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ஜெனரல் பகுதியில் ‘இக்னோர் அதர் அப்ளிகேஷன்ஸ்’ என்று தொடங்கும் வரியின் டிக்கை எடுங்கள்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று நீளமான தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. டிரைவ் எழுத்திலிருந்து வால் வரை முழுப் பாதையும் எக்செல்லில் 218 எழுத்துகளைத் தாண்டக்கூடாது, விண்டோஸில் பொதுவாக 260. தமிழில் இது நாம் எண்ணுவதைவிட வேகமாகத் தீரும். ‘தஞ்சாவூர்’ நமக்கு ஐந்தெழுத்து. கம்ப்யூட்டர் புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணி ஒன்பது என்கிறது. ஃபைலை டெஸ்க்டாப்புக்கு நகர்த்தினால் திறந்துவிடும்.

திறக்கிறது, ஆனால் தமிழ் கன்னாபின்னாவென்று இருக்கிறது

ஃபைல் நலமாகவே இருக்கிறது. எழுத்தின் கணக்குதான் வேறு. கூட்டுறவுச் சங்கங்கள், பத்திர எழுத்தர்கள், அச்சகங்கள், கோயில் அலுவலகங்கள் ஆகியவற்றின் பழைய சிடிகளில் இது தினசரிப் பிரச்சினை. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களை (எழுத்துக்கு எண் ஒதுக்கும் முறைகளை) தரமாக்கியது. 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்-16-க்கும் மாறியது. நடைமுறையில் அதற்கு முன்னும் பின்னும் அவரவர் விரும்பிய எழுத்துருவில் அடித்துத் தள்ளினார்கள். ஆகவே எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

சாதாரண ஆங்கில எழுத்துகள், நடுநடுவே ஏராளமான அரைப்புள்ளிகள் என்று இருந்தால் பாமினி. அந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. சின்ன எழுத்தில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் அரைப்புள்ளி என்று ஒரு சொல் கண்ணில் பட்டால் அது ‘தமிழ்’. கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டினால் வானவில், டாம், டாப், டிஸ்கி இவற்றில் ஏதோ ஒன்று. வேர்டு ஃபைலாக இருந்தால் ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் காட்டுகிறது என்று பாருங்கள். எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே பதிந்திருக்கும்.

அச்சடிக்க மட்டும் வேண்டுமென்றால் அந்த எழுத்துருவை நிறுவினால் போதும். திருத்தவும் தேடவும் வேண்டுமென்றால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றும்போது ஒரு பெரிய குழி இருக்கிறது. பாமினி ஆவணத்தில் நடுவே ஆங்கிலமாக இருந்த பகுதிகளையும் கன்வர்ட்டர் தமிழென்று நினைத்துக்கொள்ளும். பாமினியில் சாய்கோட்டின் இடத்தில் ஆய்தம் இருக்கிறது, பெரிய ஏ இருக்கும் இடத்தில் ‘யு’. விளைவு, சர்வே எண் 124/2ஏ என்பது ‘124ஃ2யு’ ஆகிவிடும். 12/05/2005 என்ற தேதி ‘12ஃ05ஃ2005’ ஆகும். இணைய முகவரியின் மூன்று டபிள்யூ ‘றறற’ என்று நிற்கும். பத்திரத்தில், அடங்கலில் இது விளையாட்டு அல்ல. மாற்றி முடித்ததும் கண்ட்ரோல்+எஃப் போட்டு ஆய்தத்தைத் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், கொ, ஸ்ரீ, ஜ வரும் இடங்களையும் அசலோடு ஒப்பிடுங்கள்.

எக்செல்லில் திறந்த சிஎஸ்வி பட்டியல் வேறு ரகம். தலையில் சாய்கோடு வைத்த சின்ன ஏ, பக்கத்திலேயே வட்டத்துக்குள் ஆர், இதே ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் அது நல்ல யூனிகோடு தமிழ்தான். எக்செல்தான் தவறாக வாசிக்கிறது. அந்தக் கோலத்தில் சேவ் செய்யாமல் மூடுங்கள். புதிய எக்செல்லில் ‘டேட்டா’, ‘ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி’, ஃபைலைத் தேர்ந்து, ‘ஃபைல் ஆரிஜின்’ பெட்டியில் 65001 யூடிஎஃப்-8. முன்னோட்டத்தில் தமிழ் தெரிந்ததும் லோடு. விவசாயிகள் பட்டியலாக இருந்தால் லோடுக்கு முன் ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’வில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யம் பறந்துவிடும், 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவை பூஜ்யமாகிவிடும்.

எல்லாமே கேள்விக்குறியாக இருந்தால் யாரோ சாதாரண சிஎஸ்வியாக சேவ் செய்துவிட்டார்கள். உள்ளே இருப்பது நிஜமாகவே கேள்விக்குறிகள்தான், திரும்பாது. சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரண்ட் போன பிறகு திறக்கவில்லை

அளவு சரியாக 340 கேபி காட்டுகிறது, ஆனால் திறக்காது. நோட்பேடில் வெற்றிடம் மட்டுமே. இது டெல்டாவின் மழைக்கால நோய். சேவ் அழுத்தியதும் விவரம் முதலில் ரேமில் தங்கி, சில நொடி கழித்துத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. ஃபைலின் பெயரும் அளவும் பதிவாகி, உள்ளடக்கம் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் போனால் அந்த இடம் முழுக்கப் பூஜ்யம். பழுதுபார்க்க உள்ளே எதுவும் இல்லை என்பதால் ரிப்பேர் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்காதீர்கள். பிரதியைத் தேடுங்கள்: வேர்டில் ஃபைல், இன்ஃபோ, ‘மேனேஜ் டாக்குமென்ட்’, ‘ரிகவர் அன்சேவ்டு’, மெயிலின் சென்ட் பெட்டி, வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிய நகல், ஸ்கேனர் தனியாகச் சேமிக்கும் ஃபோல்டர்.

“வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார், பூட்டியிருக்கிறது” என்று வந்தால் அந்த வேறொருவர் கரண்ட் போவதற்கு முந்தைய நீங்கள்தான். எல்லா வேர்டு சன்னல்களையும் மூடி, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மிச்சமிருக்கும் வேர்டையும் முடித்துவிடுங்கள். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால், அதே ஃபோல்டரில் அலைக்குறியும் டாலர் குறியும் வைத்துத் தொடங்கும் குட்டி ஃபைல் இருக்கும். அதை அழித்தால் பூட்டு திறந்தது.

வேர்டும் எக்செல்லும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தாமாகப் பிரதி எடுக்கும். ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் அதை 2 ஆக்குங்கள். 600 விஏ யூபிஎஸ் ஒன்று பத்து நிமிடம் தாங்கினால் போதும், சேவ் செய்து ஷட்டவுன் கொடுக்க அது தாராளம். ஆனால் அதற்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். ஆடியில் ஒருநாள் வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள், ஐப்பசியில் கைவிடாது.

நெல் மண்டி, அரிசி ஆலைக் கணக்குக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டாலி பேக்கப் ஃபைல் டபுள் கிளிக்கில் திறக்காது. டாலிப்ரைமுக்குள் ஆல்ட்+ஒய், ரீஸ்டோர். நடப்புக் கம்பெனி இருக்கும் ஃபோல்டரில் கொட்டாமல் புதிய ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்யுங்கள்.

பென் டிரைவில் இருந்தால் திறக்கவில்லை

எல்லா ஃபோல்டரும் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் வைரஸ். ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யாதீர்கள், செய்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கும் தொற்றும். ஃபைல்கள் போகவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரில் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ டிக் போட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் வியூ பக்கத்தில் ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கை எடுங்கள். அசல் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சிலதில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும். ஆவணங்கள், படங்களை மட்டும் நகலெடுத்து, விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டரில் ஸ்கேன் செய்து, அதன் பிறகு பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

“ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்தலாம்” என்று வந்தால் கேன்சல். கழற்றி, டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று யூஎஸ்பி தகடுகளில் பாசி போலப் படியும். மழைக்காலத்தில் உள்நாட்டிலும் இதே கதை. தகட்டை மேலே பார்க்கும்படி பிடித்து வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, இரண்டு நிமிடம் காயவிடுங்கள். ‘டிஸ்க் கெட்டது’ என்று முடிவு கட்டியவை இதில் எழுந்துவிடுவது உண்டு. எழாவிட்டால் ஃபோட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேர், மீட்டதை அதே பென் டிரைவில் எழுதாமல் வேறு டிஸ்க்கில் எழுத வைத்து ஓட்டுங்கள். பெயர்கள் போய்விடும், உள்ளடக்கம் பெரும்பாலும் வரும். ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ் பக்கத்தின் ‘செக்’ பொத்தானை மீட்பு முடிந்த பிறகு மட்டும் அழுத்துங்கள். அது டிஸ்க்கைச் சரிசெய்யும்போது உடைந்த ஃபைல்களை வெட்டிப் போட்டுவிடும்.

பழைய ஃபைல்கள் திறக்கின்றன, சமீபத்தில் ஏற்றியவை மட்டும் திறக்கவில்லை, அது திருவிழாக் கடையில் இருநூறு ரூபாய்க்கு வாங்கிய ‘1 டிபி’ பென் டிரைவ் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபி. அதைத் தாண்டி ஏற்றியது எங்கும் எழுதப்படவே இல்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனைக் கருவியை ஓட்டினால் உண்மையான அளவு தெரியும்.

அச்சகத்து ஃபைல்களும் கல்யாண வீடியோவும்

கும்பகோணம், தஞ்சாவூர் அச்சகங்களில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் செய்த பத்திரிகைகள் இன்னும் சிடி சிடியாக இருக்கின்றன. பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001-இல், அத்தோடு அதன் கதை முடிந்தது. அதன் ஃபைலை இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் திறக்கும், சிசி பதிப்புகள் திறக்காது. லிப்ரே ஆஃபீஸ் டிரா திறக்கும், அமைப்பு கலைந்தாலும் வாசகத்தை எடுத்துவிடலாம். எழுத்துரு விஷயம் மேலே சொன்னதுதான். கோரல் டிரா ஃபைல் திறக்காவிட்டால் புதிய பதிப்பில் செய்து பழைய பதிப்பில் திறக்கப் பார்க்கிறீர்கள். அனுப்புபவர் சேவ் அஸ் பெட்டியில் ‘வெர்ஷன்’ எண்ணைக் குறைத்துத் தர வேண்டும்.

கேமராவின் பேட்டரி நடுவில் இறந்துபோன எம்பி4 வீடியோ வேறு. காட்சி முழுக்கப் பதிவாகியிருக்கும், எந்தக் காட்சி எங்கே என்ற குறிப்பு மட்டும் ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். அது இல்லாததால் விஎல்சி பிளேயரும் கையை விரிக்கும். அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவிக்கு, அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் குறிப்பைக் கட்டித் தரும். அதனால் அந்தக் கார்டை அழிப்பதற்கு முன் மாதிரிக்கு ஒன்றை எடுத்து வையுங்கள்.

எல்லா ஃபைலுக்கும் ஒரே புதிய வால், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்

வாலை மாற்றிப் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள், இது பணம் பறிக்கும் ரேன்சம்வேர். உடனே நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், இணைத்திருக்கும் பேக்கப் டிஸ்க்கையும் கழற்றுங்கள். கடிதத்தையும் பூட்டிய ஃபைல் ஒன்றையும் வேறு கம்ப்யூட்டரிலிருந்து ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் ஏற்றுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது அது. உங்கள் வகைக்குச் சாவி கிடைத்திருந்தால் இலவசமாகத் தரும். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். சாவி இப்போது இல்லை என்று வந்தால் அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, மேலே தேதி எழுதி ஒட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு பீரோவில் வையுங்கள். மாதங்கள் கழித்துச் சாவி வெளியான வகைகள் உண்டு. வேலைக்குப் புது டிஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.